குலுக்கல் சீட்டில் அடுத்த மாதம் என் பெயர் விழுமா: 20-இல் 1-ஆ, 6-இல் 1-ஆ?

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் தெருவில் 20 பேர் சேர்ந்து குலுக்கல் சீட்டு போடுகிறார்கள். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், மாதம் ஒருவருக்கு 1 லட்சம். பெயர் எழுதி மடித்த துண்டுகளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். விழுந்த பெயரைத் திரும்பப் போடுவதில்லை. 14 மாதம் முடிந்துவிட்டது. இவர் பெயரும் விழவில்லை, இவர் மனைவி பெயரில் கட்டும் சீட்டும் விழவில்லை. "15-ஆவது மாதம் என் பெயர் விழ 6-இல் 1 வாய்ப்பு என்கிறேன் நான். கல்லூரியில் படிக்கும் மகன், எந்த மாதமானாலும் 20-இல் 1தான் என்கிறான். யார் சொல்வது சரி? சீட்டு பிடிப்பவரின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டது, சந்தேகப்படலாமா? மகளுக்கு இரண்டு மாதத்தில் கட்டணம் கட்ட வேண்டும், அதற்குள் எங்களில் ஒருவர் பெயராவது விழுமா?"

கேள்வி மூன்றாக வந்திருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு பாத்திரத்திலிருந்து ஒன்றை எடுத்துத் திரும்ப வைக்காமல் விட்டால், அடுத்து எடுப்பதன் நிகழ்தகவு எப்போது மாறுகிறது? துண்டை எடுத்தபோதா, எடுத்த துண்டைப் பிரித்துப் படித்தபோதா? தருமபுரி மாவட்டத்தில் பல ஆண்டுகள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிகழ்தகவுப் பாடத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சறுக்குகிற இடம் இது. சூத்திரம் மனப்பாடமாக இருக்கும், ஆனால் எதைத் தெரிந்துகொண்ட பிறகு கணக்குப் போடுகிறோம் என்பதைக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அப்பா, மகன் இருவர் சொல்வதும் சரி. இருவரும் வேறு வேறு நாளில் நின்றுகொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். மகன் முதல் மாதத்துக்கு முன்னால் நிற்கிறார். அன்றைக்கு, "15-ஆவதாக விழப்போவது யார் பெயர்?" என்று கேட்டால் 20 பேருக்கும் சம வாய்ப்பு. முதல் நாளே எல்லாத் துண்டுகளையும் சொம்பிலிருந்து கொட்டி, பிரிக்காமல் வரிசையாக அடுக்கிவைத்து, மாதம் ஒன்றாகப் பிரித்தாலும் அதுவும் இதே குலுக்கல்தான். அந்த வரிசையில் உங்கள் துண்டு முதல் இடத்தில் இருக்கவும் 15-ஆவது இடத்தில் இருக்கவும் கடைசியில் இருக்கவும் வாய்ப்பு ஒன்றுதான், 1/20. நீங்களோ 14 துண்டுகளைப் பிரித்துப் படித்து முடித்த பிறகு நிற்கிறீர்கள். மிச்சம் 6 பெயர், அதில் ஒன்று உங்களுடையது, ஆகவே 1/6. இன்றைக்கு முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள், எனவே உங்களுக்கு வேண்டிய எண் 1/6தான்.

இரண்டு விடையும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம். முதல் மாதம் உங்கள் பெயர் விழாமல் இருக்க வாய்ப்பு 19/20. அதில் விழவில்லை என்றால், இரண்டாம் மாதம் விழாமல் இருக்க 18/19. இப்படியே 17/18, 16/17 என்று 14-ஆம் மாதம் 6/7 வரை போகும். எல்லாவற்றையும் பெருக்கினால் மேலும் கீழும் அடிபட்டு 6/20 மட்டும் மிஞ்சும். அதாவது 14 மாதம் வரை விழாமல் இருக்க வாய்ப்பு 100-க்கு 30. அதோடு, விழாமல் வந்தவருக்கு 15-ஆம் மாதம் விழுவதற்கான 1/6-ஐப் பெருக்குங்கள், 1/20 வந்துவிடும். மகன் சொன்ன எண்ணுக்குள்தான் நீங்கள் சொன்ன எண் ஒரு துண்டாக உட்கார்ந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் பெருக்கல் தேற்றம் என்று படிப்பது இதைத்தான்: இரண்டும் நடக்க வாய்ப்பு என்பது, முதலாவது நடக்க வாய்ப்பையும், முதலாவது நடந்துவிட்டது என்று தெரிந்த பின் இரண்டாவது நடக்க வாய்ப்பையும் பெருக்கினால் வருவது. பின்னால் சொன்ன அந்த "தெரிந்த பின்" எண்ணுக்குத்தான் நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நீங்கள் வேலைக்கு பெங்களூரு போய்விட்டீர்கள், 14 மாதமும் யார் பெயர் விழுந்தது என்றே தெரியாது என்று வையுங்கள். சொம்பில் அதே 6 துண்டுதான் கிடக்கிறது. ஆனாலும் உங்கள் கணக்குக்கு 15-ஆம் மாத வாய்ப்பு 1/20தான், ஏனென்றால் உங்கள் பெயர் ஏற்கெனவே விழுந்து போயிருக்கவும் இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி, "முதல் 10 மாசத்துல உங்க பேரு விழலைங்க" என்று மட்டும் சொன்னால் அது 1/10 ஆகிவிடும். சொம்பு அசையவில்லை, துண்டு மாறவில்லை, உங்களுக்குத் தெரிந்தது மட்டும் மாறியது. கீழே உள்ள எண்ணைக் குறைப்பது சொம்பிலிருந்து வெளியே போன துண்டல்ல, இன்னது போயிற்று என்று நமக்குத் தெரியவந்த சேதி.

இதையே மாங்காயில் வைத்தால் இன்னும் தெளிவாகப் புரியும். கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா என்று சொல்கிற கிளிமூக்குக் காயில் மாங்கொட்டை வண்டு விழுந்திருந்தால் பெரும்பாலும் மேல் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது, அறுத்தால்தான் தெரியும். ஒரு கூடையில் 20 காய், அதில் 4-இல் வண்டு. ஒரு காயை எடுத்து, அறுக்காமல் ஓரமாக வைத்துவிட்டேன். இரண்டாவது காயை எடுக்கிறேன். அது வண்டுக் காயாக இருக்க வாய்ப்பு என்ன? "ஒன்று குறைந்துவிட்டது, எனவே கீழே 19" என்று எழுதிவிட்டு, மேலே 4 போடுவதா 3 போடுவதா என்று பேனாவைக் கடிப்பார்கள். இரண்டு வழியையும் கூட்ட வேண்டும். முதல் காய் வண்டு, இரண்டாவதும் வண்டு: 4/20 × 3/19. முதல் காய் நல்லது, இரண்டாவது வண்டு: 16/20 × 4/19. கூட்டினால் 12/380 + 64/380 = 76/380, அதாவது 1/5. முதல் காய்க்கு என்ன வாய்ப்போ அதேதான். அறுத்துப் பார்க்காத காய், நம் கணக்கைப் பொறுத்தவரை கூடையிலேயே கிடப்பது போலத்தான்.

இதன் மறுபக்கம்தான் வகுப்பில் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பும். இரண்டாவது காயை அறுத்தேன், வண்டு இருந்தது. ஓரமாக வைத்த முதல் காய் வண்டாக இருக்க இப்போது வாய்ப்பு என்ன? 3/19. கட்டாயம் ஒரு கை உயரும்: "சார், முதல் காயை எடுத்து முடிச்சாச்சு, அப்புறம் எடுத்த காய் போய் அதை எப்படி மாத்தும்?" காயை எதுவும் மாற்றவில்லை. 4 வண்டுக் காயில் ஒன்று இன்ன இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, ஆகவே மிச்சமுள்ள 19 இடங்களில் 3 வண்டு. அந்த 19 இடங்களில் ஓரமாக வைத்த காயும் ஒன்று. நிபந்தனை நிகழ்தகவு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இது புரிந்துவிட்டால் பேயீஸ் தேற்றத்தைப் புதிதாகக் கற்க வேண்டிய அவசியமே இல்லை, அது இந்தக் கணக்கைப் பொதுவாக எழுதிவைத்ததுதான்.

சேதி எந்த வழியில் வந்தது என்பதிலும் கவனம் வேண்டும். இரண்டு காயை எடுத்து நண்பரிடம் கொடுக்கிறேன். அவர் கைக்கு வந்த ஒன்றை அறுத்துப் பார்த்து "இதுல வண்டு இருக்கு" என்றால், மற்றதும் வண்டாக இருக்க 3/19, ஏறக்குறைய 16 சதவீதம். அவர் இரண்டையும் அறுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றிலாவது வண்டு இருக்கிறதா?" என்று நான் கேட்டதற்கு "ஆமாம்" என்று மட்டும் சொன்னால் கணக்கே வேறு. 20 காயில் இரண்டை எடுக்க 190 வழி. அதில் இரண்டும் நல்லதாக 120 வழி. ஆக, ஒன்றாவது வண்டாக இருப்பது 70 வழி. இரண்டுமே வண்டு என்பது அதில் 6 வழிதான். 6/70, சுமார் 8.6 சதவீதம். பாதிக்கும் அருகே இறங்கிவிட்டது. தேர்வில் இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒன்றாக நினைத்து எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். வினாவில் "முதல் பழம்" என்று இருக்கிறதா, "குறைந்தது ஒரு பழம்" என்று இருக்கிறதா என்று விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். "ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப வைக்காமல்" என்பதும் "ஒரே நேரத்தில் இரண்டு" என்பதும் மட்டும் ஒரே கணக்குதான், அதில் குழம்ப வேண்டாம்.

திரும்ப வைக்கிறோமா இல்லையா என்பது எல்லா இடத்திலும் இவ்வளவு முக்கியமா என்றால், இல்லை. அதே கூடையில் மூன்று காய் எடுத்து மூன்றும் நல்லதாக இருக்க 16/20 × 15/19 × 14/18 = 28/57, சுமார் 0.491. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுக் கூடையிலேயே திரும்பப் போட்டிருந்தால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. இதே விகிதத்தில் 2,000 காய் ஏற்றிய வண்டியில் 400 வண்டு என்றால், திரும்ப வைக்காமல் மூன்று எடுத்தாலும் 0.5118 வரும். 0.512-க்கும் அதற்கும் யாரும் சண்டை போட மாட்டார்கள். எடுப்பது மொத்தத்தில் சிறு பங்காக இருந்தால் ஒவ்வொரு முறையும் திரும்ப வைப்பதாக எடுத்துக்கொள்ளும் ஈருறுப்புப் பரவலை வைத்தே வேலையை முடித்துவிடலாம். 20-இல் 14 எடுத்துவிட்ட உங்கள் சொம்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்தக் குழப்பம் பழையது. 1657-இல் ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர் ஒரு புதிர் போட்டார்: 12 வில்லைகள், 4 வெள்ளை, 8 கறுப்பு, மூன்று பேர் முறை வைத்து கண்ணை மூடி எடுக்கிறார்கள், முதலில் வெள்ளை எடுப்பவருக்கு வெற்றி. எடுத்த கறுப்பைத் திரும்பப் போட வேண்டுமா என்று அவர் தெளிவாகச் சொல்லவில்லை. ஹூடே என்ற இன்னொரு டச்சு அறிஞர் வேறு விதமாகப் புரிந்துகொண்டு கணக்குப் போட, இருவருக்கும் விடை ஒத்துப்போகவில்லை. ஜேக்கப் பெர்னூலி என்ற சுவிஸ் கணித அறிஞர் இதைப் பல விதமாகவும் எடுத்துக்கொண்டு தீர்த்தது அவர் இறந்த பின் 1713-இல்தான் அச்சில் வந்தது. திரும்பப் போட்டால் மூவரின் வாய்ப்பும் 9 : 6 : 4. போடாவிட்டால் 77 : 53 : 35. எப்படிப் பார்த்தாலும் முதலில் கை விடுபவருக்குத்தான் அதிகம். "அப்படியானால் குலுக்கலிலும் முதலில் எடுப்பவருக்கு லாபமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்த விளையாட்டு வெள்ளை வந்தவுடன் நின்றுவிடுகிறது, வெற்றி வில்லையும் நான்கு. பின்னால் வருபவருக்குக் கை விடவே வாய்ப்பு வராமல் போகலாம். ஒரே ஒரு வெற்றித் துண்டு இருந்து, ஆளுக்கு ஒன்றாக எல்லாத் துண்டும் எடுக்கப்படும் என்றால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் சமம்.

சந்தேகத்துக்கு வருகிறேன். உங்கள் பெயர் மட்டும் 14 மாதம் விழாமல் இருக்க வாய்ப்பு 30 சதவீதம் என்று பார்த்தோம். 20 பேரில் யாராவது 6 பேர் இப்படிக் காத்துக்கொண்டிருந்தே ஆக வேண்டும். உங்கள் பெயர் விழவில்லை என்று தெரிந்த பின், வீட்டம்மா பெயரும் விழாமல் இருக்க 5/19; மிச்சமுள்ள 6 இடத்தில் ஒன்றை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள் அல்லவா. இரண்டும் சேர்ந்து 6/20 × 5/19 = 3/38, ஏறக்குறைய 8 சதவீதம். அபூர்வம்தான், ஆனால் சண்டைக்குப் போகிற அளவு அபூர்வம் இல்லை. சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் சொல்லவில்லை. மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டு மாதத்துக்குள் அவர்களில் ஒருவருக்காவது விழ வாய்ப்பு 27/95, சுமார் 28 சதவீதம். அது இயல்பு. மூன்று பேருக்கும் முதல் மூன்று மாதத்திலேயே வரிசையாக விழுந்திருந்தால் 6/6840, அதாவது 1,140-இல் 1. அப்போது புருவத்தை உயர்த்தலாம்.

அப்போதும், "1,140-இல் 1 என்றால் சீட்டு பிடிப்பவர் யோக்கியராக இருக்க 1,140-இல் 1 வாய்ப்புதான்" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அது கேள்வியைத் தலைகீழாக்குவது. யோக்கியராக இருந்தால் இப்படி விழ என்ன வாய்ப்பு என்பதுதான் 1/1,140. இப்படி விழுந்திருக்கும்போது அவர் யோக்கியரா என்பது வேறு எண். அதற்கு, இதெல்லாம் நடக்கும் முன் அவர்மேல் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதும் கணக்கில் சேர வேண்டும். உதாரணத்துக்கு, இப்படிச் சீட்டு பிடிப்பவர்களில் 100-க்கு ஒருவர் ஏமாற்றுவார், ஏமாற்றுபவர் நிச்சயம் சொந்தக்காரர்களுக்கே முதலில் விழவைப்பார் என்று வைத்தால், சந்தேகம் 92 சதவீதம் வரை ஏறும். 10,000-இல் ஒருவர்தான் அப்படிப்பட்டவர் என்று வைத்தால் அதே நிகழ்ச்சி 10 சதவீதத்துக்குத்தான் கொண்டுபோகும். தெருவில் 20 வருடம் பழகிய மனிதரா, போன வருடம் குடிவந்தவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கணக்கு தன் பங்கைச் சொல்லும், முன்நம்பிக்கையை அதனால் தர முடியாது.

இதுவரை நான் போட்ட எல்லாக் கணக்கும், சொம்பு நன்றாகக் குலுக்கப்பட்டது, எந்தத் துண்டும் கைக்குத் தனியாகத் தட்டுப்படாது என்ற ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. பின்னங்களில் எனக்குச் சந்தேகம் இல்லை. அனுமானம் உங்கள் தெருவில் பொருந்துகிறதா என்பதில்தான் சந்தேகம் வர வேண்டும். குலுக்கல் கெட்டுப்போவதற்கு யாரும் ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், வியட்நாம் போருக்கு யாரை முதலில் அழைப்பது என்று 366 பிறந்த தேதிகளைக் குப்பிகளில் அடைத்து, ஒவ்வொன்றாக, திரும்ப வைக்காமல் எடுத்தார்கள். ஜனவரியிலிருந்து மாதவாரியாகப் பெட்டியில் போட்டதும், சரியாகக் கலக்காததும் சேர்ந்து, கடைசியாகப் போட்ட நவம்பர், டிசம்பர் தேதிகள் அளவுக்கு மீறி முன்னால் வந்துவிட்டன. எண்களைப் பார்த்த புள்ளியியல்காரர்கள் அதை உடனே சுட்டிக்காட்ட, அடுத்த ஆண்டு முறையையே மாற்றினார்கள்.

உங்கள் சொம்பிலும் அதே இடங்களைத்தான் பார்க்க வேண்டும். துண்டுகள் ஒரே தாளில், ஒரே அளவில், ஒரே மாதிரி மடித்திருக்கிறதா? மாதாமாதம் புதிதாக எழுதுகிறார்களா, பழசே கசங்கிக் கிடக்கிறதா? கடைசியாகப் போட்டது மேலேயே நிற்கிறதா? எல்லாவற்றையும்விட எளிய சோதனை ஒன்று உண்டு. அடுத்த குலுக்கலுக்கு முன், எல்லார் எதிரிலும் சொம்பைக் கவிழ்த்து 6 துண்டையும் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். 6 பெயரும் வேறு வேறாக, உங்கள் இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். அதன்பின் மடித்துப் போட்டுக் குலுக்கட்டும். சந்தேகப்பட்டுக் கேட்டதாக இருக்காது. எல்லாச் சீட்டிலும் இது வழக்கமாகவே இருக்க வேண்டியது.

கடைசியாகக் கட்டண விஷயம். அடுத்த மாதம் உங்கள் இருவரில் ஒருவர் பெயர் விழ வாய்ப்பு 2/6, அதாவது 1/3. இரண்டு மாதத்துக்குள் ஒன்றாவது விழ வேண்டும் என்றால், விழாமலே போகும் வாய்ப்பைக் கண்டுபிடித்து 1-இலிருந்து கழிப்பதுதான் சுலபம். 4/6 × 3/5 = 2/5; ஆகவே விழ வாய்ப்பு 3/5, 100-க்கு 60. இந்த 60 இன்றைய எண். 15-ஆம் மாதக் குலுக்கலில் இரண்டும் விழவில்லை என்றால் மிச்சம் 5 துண்டு, அதில் இரண்டு உங்களுடையது. வாய்ப்பு 40-க்கு இறங்கிவிடும், கட்டணத்துக்கு மாதமும் ஒன்றுதான் இருக்கும். மாற்றுப் பணத்துக்கு யாரிடமாவது சொல்லிவைப்பதாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மிச்சமிருக்கும் நான்கு பேரில் அவசரம் இல்லாதவர் யார் என்று இப்போதே விசாரித்து, அவர்களில் யாருக்கு விழுந்தாலும் உங்களுக்கு மாற்றிக் கொடுக்கச் சம்மதமா என்று சீட்டு பிடிப்பவரை வைத்துக்கொண்டு பேசிவிட முடியுமானால் இன்னும் நல்லது. ஒருவர் சம்மதித்தாலும் உங்கள் பக்கம் மூன்று துண்டு; விழாமல் போக 3/6 × 2/5 = 1/5, விழ வாய்ப்பு 80 சதவீதம். இருவர் சம்மதித்தால் விழாமல் போக 2/6 × 1/5 = 1/15; வாய்ப்பு 93 சதவீதத்தைத் தாண்டிவிடும்.